யூரிக் ஆசிட்டுக்கு இலை வைத்தியம்: கவுண்டரில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் உள்ள ஒரு ஃபார்மசியில் 21 வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். வீங்கிய கால் கட்டைவிரலைக் காட்டி "இதுக்கு என்ன இலை நல்லது?" என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது. கோயிலில் ஏழு கறி பரிமாறும் பந்தியிலும் கேட்கிறார்கள். இலையைப் படம் பிடித்து ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் கேட்கிறார்கள். அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வீங்கி வலிக்கும் இந்த நோய்க்குப் பெயர் கவுட். என் அப்பாவுக்கு அது இருந்தது, அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

யூரிக் ஆசிட்னா என்ன? புளி ஜாஸ்தி சாப்பிட்டா வருமா?

வராது. பெயரில் ஆசிட் இருப்பதைப் பார்த்து ரசம், எலுமிச்சை, தயிர் எல்லாவற்றையும் ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். நாக்கில் படும் புளிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் உடம்பின் செல்களிலும், இறைச்சி, மீன் போன்ற உணவுகளிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதைந்து கடைசியில் மிஞ்சுவதுதான் யூரிக் ஆசிட். பெரும்பாலான மிருகங்களுக்கு அதையும் உடைத்துக் கரைக்கிற நொதி உண்டு, மனிதனுக்கு இல்லை. ஆகவே மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியே தள்ள வேண்டும்.

நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் வெளியேறுவதில்தான், அதிகமாக உண்டாவதில் இல்லை. பரம்பரை, உடல் எடை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, சில மாத்திரைகள் எல்லாம் இதில் சேரும். "நான் கறியே தொடமாட்டேன், எனக்கு ஏன் வந்துச்சு?" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

என் ரிப்போர்ட்ல 480னு இருக்கு. சென்னையில இருக்குற மச்சானுக்கு 8னு வந்திருக்கு. எனக்கு அறுபது மடங்கா?

இல்லை, ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அளவுகோல்தான் வேறு. உங்களுடையது லிட்டருக்கு மைக்ரோமோல், அவருடையது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 480ஐ 59.5ஆல் வகுத்துப் பாருங்கள், 8 சொச்சம் வரும்.

ரெண்டு எண்களை மட்டும் மனதில் வையுங்கள். 6.8ஐ (மைக்ரோமோலில் சுமார் 405) தாண்டினால் யூரிக் ஆசிட் ரத்தத்தில் கரைந்து நிற்க முடியாமல் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியத் தொடங்கலாம். கவுட் நோய் வந்து மருந்து எடுப்பவர்கள் எட்ட வேண்டிய இலக்கு 6க்குக் கீழே (சுமார் 360). இந்த ரெண்டு எண்களும் பின்னால் திரும்ப வரும்.

நம்பர் மட்டும் ஏறியிருக்கு, வலி ஒண்ணும் இல்ல. இப்பவே இலை குடிக்க ஆரம்பிக்கட்டுமா?

அவசரம் வேண்டாம். எண் ஏறியிருக்கும் பலருக்குக் கவுட் வருவதே இல்லை. வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாதபோது டாக்டர்கள் பெரும்பாலும் மாத்திரைகூடத் தருவதில்லை. எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் இவற்றைப் பார்க்கச் சொல்லி இந்த எண் எச்சரிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி இத்தனை வீடுகளில் இருக்கும் நம் தீவில் அந்தச் சோதனைதான் முதலில் வேண்டும்.

எந்த இலைதான் நல்லது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அக்கா.

ஒன்றே ஒன்றைச் சொல்ல முடிந்தால் எனக்கும் நிம்மதியாக இருக்கும். அதிகம் கேட்கப்படுகிற இலைகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். கீழாநெல்லி நம் வீட்டுச் சுவரோரத்திலேயே முளைக்கும். காம்பைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் கடுகு போலக் காய்கள் வரிசையாகத் தொங்கும், பெயரே அதனால்தான். மலேசியாவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இதிலுள்ள சில பொருட்கள் யூரிக் ஆசிட்டைக் குறைத்தன. பூனைமீசை இலையைத் தென்கிழக்கு ஆசியாவில் சிறுநீர் நன்றாகப் போவதற்காகக் குடிக்கிறார்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனில் கவுட்டுக்குப் பேர்போன இலை, அவர்கள் புவா த பேஷ் மரோன் என்று அழைக்கும் மரத்தினுடையது. அதே மரம் இங்கே பிகெய்ன்யோன். அது பிரான்ஸ் நாட்டு மருந்துப் பட்டியலிலும் ஏறியிருக்கிறது. உலகத்தில் இந்த ரெண்டு தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் மரம் என்பதால், காட்டுக்குப் போய்க் கிளையோடு ஒடித்து வராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயாபானாவையும் சிலர் இதற்குக் குடிக்கிறார்கள். அது வயிற்றுக் கோளாறுக்கு நம் பாட்டிமார் கொடுத்தது, யூரிக் ஆசிட்டுக்கு அல்ல.

பாட்டி சொன்னதைப் பதிவு செய்வது ஒரு படி. நம் முன்னாள் ஜனாதிபதி அமீனா குரிப்-ஃபாகிம் விஞ்ஞானியாக இருந்து இந்தத் தீவுகளின் மருத்துவச் செடிகளுக்கு அந்த வேலையைத்தான் செய்தார். எலியில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. மனிதர்களுக்குக் கொடுத்து, மாதக்கணக்கில் ரத்தம் எடுத்து அளப்பது அதற்கும் மேலே. 8ல் இருக்கும் ஒருவரை 6க்குக் கீழே இறக்கி அங்கேயே நிறுத்தும் என்று அந்த மேல்படியில் நிரூபணமான இலை இதுவரை ஒன்றும் இல்லை. துணைக்கு இருக்கலாம். அதற்கு மேல் எந்த இலைக்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

முடக்கத்தான் தோசை சாப்பிட்டேன், அஞ்சாறு நாள்ல வலி போயிடுச்சு. அப்ப யூரிக் ஆசிட் குறைஞ்சுடுச்சுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். கவுட் வலி ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்த நாட்களில் நீங்கள் எதைச் சாப்பிட்டீர்களோ அதற்குப் பேர் கிடைக்கும். முடக்கத்தான், நொச்சி, வாதநாராயணன் எல்லாம் மூட்டு வலிக்கென்று நம்மிடம் தலைமுறையாக இருக்கிற இலைகள். வீக்கத்துக்கு இதமாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வலி அடங்குவது வேறு, படிகம் கரைவது வேறு. எண் 6.8க்கு மேலேயே இருந்தால், வலி இல்லாத மாதங்களிலும் படிகம் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

என் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. வலி போனதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் ஒரு செம்பு இலைத் தண்ணீர் குடித்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்த வலி மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் இலைதான் காப்பாற்றியது என்றார். அப்புறம் முழங்கையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. ஒருநாள் கதவில் இடித்து அது உடைந்தது. சீழ் வரும் என்று துணியோடு ஓடினேன். வந்தது சீழ் இல்லை, குழைத்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, விரலில் தேய்த்தால் நறநறவென்று. முழுக்க யூரிக் ஆசிட் படிகம். அத்தனை வருஷம் சேர்ந்தது. நான் அதே கவுண்டரில் நின்றுகொண்டே, ஒரு தடவைகூட அவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகவில்லை.

இன்னொன்று. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் எண் சாதாரணமாகவே காட்டலாம். அதைப் பார்த்துக் கவுட் இல்லை என்றும், இலை வேலை செய்துவிட்டது என்றும் ஏமாற வேண்டாம். வலி அடங்கி ரெண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

முருங்கைக்கீரை, பருப்பு எல்லாம் விடணுமாமே? அப்ப எதைத்தான் சாப்பிடுறது?

விட வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் பியூரின் இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் கவுட் கூடியது. பியூரின் நிறைந்த காய்கறிகளால் கூடவில்லை. பால், தயிர் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்தது. ஆகவே ப்ரெட் முரும் என்று இங்கே சொல்லும் முருங்கைக்கீரைச் சாறும் துவரம்பருப்பும் உங்கள் தட்டில் இருக்கட்டும்.

குறைக்க வேண்டியவை ஈரல், குடல், மத்தி மீன், இறால், ஊரிட் என்று நாம் சொல்லும் ஆக்டோபஸ் கறி. அதைவிட முக்கியம் பீர், ரம், அப்புறம் சர்க்கரைத் தண்ணீராக இருக்கும் பாட்டில் பானங்கள். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அது உடம்பில் உடையும்போது யூரிக் ஆசிட்டை ஏற்றும். சிரப் ஊற்றிய குளிர்ந்த பானமான ஆலூடாவில் பால் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். சிரப்பைப் பாதியாக்கச் சொல்லி வாங்குங்கள்.

காவடிக்குப் பத்து நாள் விரதம், சுத்த சைவம். ஆனா காவடி முடிஞ்ச மறுநாளே கால் வீங்கிடுச்சு. எப்படி?

இதை வருஷா வருஷம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் கேட்கிறேன். சைவச் சாப்பாட்டில் குற்றமில்லை. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டோ பட்டினி கிடந்தோ உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருட்கள், யூரிக் ஆசிட் சிறுநீரில் போவதைத் தடுக்கும். அதோடு ஜனவரி, பிப்ரவரி வெயில், வெறுங்கால் நடை, வியர்வை, குடிக்காத தண்ணீர். தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் எண் ஏறும்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. ரெண்டு மூன்று வேளையாகச் சாப்பிடுங்கள், தண்ணீரும் மோரும் தாராளமாகக் குடியுங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை விரதம் என்று நிறுத்தாதீர்கள். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், அந்த அளவுதான் உங்களுக்கு.

கோரோசோல் இலையைக் கொதிக்க வச்சு குடிச்சா யூரிக் ஆசிட் இறங்கும்னு வீடியோவுல சொல்றாங்க.

முள்சீதா இலை. இந்தோனேசியாவிலிருந்து சுற்றிச் சுற்றி வரும் குறிப்பு இது. நம் தோட்டத்திலும் மரம் இருப்பதால் உடனே பறித்துவிடுகிறார்கள். தினமும் குடிப்பதை நான் தடுப்பேன். கரீபியன் தீவான குவாதலூப்பில், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நடுக்கமும் தடுமாற்றமும், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத விதத்தில், அதிகம் காணப்பட்டதாக 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். இந்தச் செடியில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பு செல்களைக் கெடுக்கிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைச் சொல்லவில்லை, தினசரிக் கஷாயத்தைச் சொல்கிறேன்.

பிலிம்பி ஜூஸ் குடிக்கலாமா? கொழுப்பும் யூரிக்கும் சேர்ந்து இறங்குமாம்.

வேண்டாம். ஊறுகாயில் ரெண்டு துண்டு பரவாயில்லை. புளிப்பான பிலிம்பிக் காயிலும், காரம்போல் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழத்திலும், சிறுநீரகத்தில் படிந்து கெடுக்கும் ஆக்சலேட் என்ற பொருள் மிக அதிகம். கெட்டியாகச் சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரளாவிலிருந்தே மருத்துவக் குறிப்புகள் உண்டு. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் காரம்போல் பழத்தைத் தொடவே கூடாது, விக்கலில் தொடங்கி வலிப்பு, மயக்கம் வரை போகும்.

போர்ட் லூயி பஜார்ல திஸான் (கஷாய இலை) வாங்கினேன். என்ன இலைன்னு கேட்டதுக்கு "எல்லாம் கலந்தது"ன்னாங்க. குடிக்கலாமா?

பெயர் தெரியாததைக் குடிக்காதீர்கள். ஒரு அம்மா அப்படி வாங்கிய காகிதப் பொட்டலத்தைக் கவுண்டரில் பிரித்துக் காட்டினார். நீள இலை, வட்ட இலை, ஏதோ பட்டைச் சீவல், நடுவில் கொடித் துண்டு. எது எது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பஜாரில் தலைமுறையாக இலை விற்கும் நல்ல கடைக்காரர்கள் ஒவ்வொன்றையும் தனியாகக் காட்டிப் பெயர் சொல்வார்கள். அப்படிப்பட்டவரிடம் ஒற்றை இலையாக வாங்குங்கள்.

கலவையைக் கண்டு நான் பயப்படக் காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலிவதற்காகக் கொடுத்த மூலிகை மாத்திரையில், ஒரு சீனச் செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்துவிட்டது. பல பெண்களின் சிறுநீரகம் முற்றிலும் கெட்டது, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனம்தான். யூரிக் ஆசிட்டை வெளியேற்றுவது சிறுநீரகம் என்று முதல் பதிலில் சொன்னேன். அதற்கே கேடு செய்கிற இலையை அதற்கு மருந்தென்று குடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

இலைதானே? மாத்திரை மாதிரி பக்கவிளைவு வராதே?

கவுட் வலிக்கு டாக்டர் தரும் கால்சிசின் மாத்திரையே செடியிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் அது இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்தில் விவசாயிகள் பந்தல் போட்டு வளர்த்து, அதன் விதையை மருந்துக் கம்பெனிகளுக்காக விற்கிறார்கள். அதே செடியின் கிழங்கைத் தின்று செத்தவர்கள் உண்டு. மாத்திரையில் அது மில்லிகிராமில் பாதி அளவுக்கு எடை போட்டு வருகிறது. அளவு மீறினால் வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிரையே எடுக்கும். செடியிலிருந்து வந்தது சாதுவானது என்ற எண்ணத்தை இந்த ஒரு பூவே மாற்றிவிடும்.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற அலோபுரினால் மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம் வலி ஜாஸ்தியாச்சு. அதனாலதான் நிறுத்திட்டு இலைக்கு வந்தேன்.

நிறுத்தியவர்களில் பாதிப் பேர் என்னிடம் சொல்லும் காரணம் இதுதான். ரத்தத்தில் எண் இறங்கத் தொடங்கியதும் மூட்டில் பழைய படிகங்கள் கரைந்து அசையும். அந்த அசைவே வலியைக் கிளப்பும். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். அதனால்தான் 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ ஆரம்பித்து மெதுவாக ஏற்றுகிறார்கள். முதல் சில மாதத்துக்குக் கால்சிசின் போன்றதைக் காவலுக்குச் சேர்த்துத் தருகிறார்கள். உங்களுக்கு அதைத் தரவில்லையென்றால் போய்க் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அன்றைக்கே நிறுத்தி டாக்டரிடம் ஓட வேண்டும். தோலில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல். அபூர்வமாகத் தோலே உரிந்துபோகும் ஒவ்வாமை இந்த மாத்திரையால் வரும். ஹான் சீனர், தாய்லாந்து, கொரிய வம்சத்தாரிடம் அதற்கான ஒரு மரபணு அதிகம். நம் சீன மொரிஷிய நண்பர்களிடம், தொடங்கும் முன் டாக்டரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, மாத்திரையும் எடுக்கிறேன், இலையும் குடிக்கிறேன். சேரலாமா?

டாக்டரிடம் சொல்லிவிட்டு என்றால் பல சமயம் சேரலாம். மறைத்துவிட்டு என்றால் கூடாது. சிறுநீர் பெருக்கும் இலை ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்து தலைசுற்றலைக் கொடுக்கலாம். முருங்கை, கீழாநெல்லிக் கஷாயம் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை மேலும் இறக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் கஷாயமே வேண்டாம். சமையலில் போடும் கீரை வேறு விஷயம், வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் கீரையின் அளவை நாளுக்கு நாள் மாற்றாமல் சாப்பிட வேண்டும்.

குடித்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்லும் முறை: ஒரே ஒரு இலை, பெயர் தெரிந்தது. தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, யூரிக் ஆசிட்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சேர்த்து. ஆறு வாரம் கழித்து இன்னொன்று. சாப்பாட்டையும் மாத்திரையையும் அதற்குள் மாற்றாதீர்கள். ரெண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் இறங்கவில்லையென்றால் அந்த இலை உங்களுக்கு இல்லை.

என் பிரஷர் மாத்திரைதான் யூரிக்கை ஏத்துதுன்னு ஒருத்தர் சொன்னார். அதை நிறுத்திட்டா இலையே வேண்டாமில்ல?

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைட் வகை மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றும், இருதயத்துக்குத் தரும் சிறிய ஆஸ்பிரினும் ஓரளவு ஏற்றும். ரத்த அழுத்தத்துக்கே தரும் லோசார்டான் சற்று இறக்கும். ஆகவே மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி, எத்தனையோ இலையைவிடப் பயனுள்ள கேள்வி. நீங்களே நிறுத்தினால் கட்டைவிரலைக் காப்பாற்றப் போய் மூளைக்கோ இருதயத்துக்கோ ஆபத்து வரும்.

எப்ப இலையைத் தள்ளி வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

மூட்டு வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலோ குளிரோ இருந்தால் அன்றைக்கே. கிருமி புகுந்த மூட்டும் கவுட் மாதிரியே இருக்கும், அதைத் தாமதித்தால் மூட்டே போய்விடும். முதல் தடவை வரும் வீக்கத்தையும் கவுட் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இடுப்பிலிருந்து தொடைப் பக்கம் இறங்கும் வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் குறைவது, காதிலோ முழங்கையிலோ விரலிலோ வலிக்காத கட்டி, இதெல்லாம் காத்திருக்கக் கூடாதவை.

அரசு ஆஸ்பத்திரியிலும் வட்டாரச் சுகாதார நிலையத்திலும் இங்கே காசு கிடையாது. போகும்போது குடிக்கிற இலையில் ஒரு கொத்தை, காம்போடு, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள்.